கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்: கதை தேங்கி நின்ற பத்தாம் பாகம்

ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' என்னும் மிகுபுனைவு நாவல் தொடரை முழுவதும் படித்தவர்களிடம் எந்தப் பாகம் அதிகச் சோர்வைத் தந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் சொல்லும் பெயர் 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்விலைட்'. 2003 ஜனவரியில் வெளிவந்த பத்தாம் பாகம் அது. என் தீர்ப்பும் அதுவே. ஆனால் அந்தத் தீர்ப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எனக்கு உடன்பாடானது அன்று. 'மிக மெதுவாகச் செல்கிறது' என்கிறார்கள். இந்தத் தொடரில் விரைவாகச் சென்ற பாகம் எது? உடையின் பூவேலைப்பாட்டுக்கு ஒரு பத்தியும், குதிரையின் நிறத்துக்கு ஒரு வரியும், அறைக்குள் நுழையும் ஒவ்வொருவரின் முகபாவத்துக்கு இரண்டு வரியும் ஒதுக்குவது ஜோர்டனின் இயல்பு. அதை விரும்பித்தானே ஒன்பது தடித்த நூல்களைக் கடந்து வந்தோம். பத்தாம் பாகத்தில் பழுதானது வேறொன்று. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கதையின் திருப்பங்களை மறைக்காமல்தான் எழுத முடியும் என்பதால், தொடரைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் குறைந்தது பதினோராம் பாகத்தைத் தாண்டிய பின் இதற்குத் திரும்புவது நல்லது.

அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். ஜோர்டன் என்பது புனைபெயர். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி, வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் துப்பாக்கி வீரராக இருந்தவர், பிறகு இயற்பியல் படித்தவர். டோர் பதிப்பகம் 1990இல் முதல் பாகத்தை வெளியிட்டது. மூன்று நூல்களில் முடிப்பதாகத் தொடங்கிய கதை, பதினான்கு பாகங்களாகவும் ஒரு தனி முன்கதை நூலாகவும் வளர்ந்தது. முதல் ஆறு பாகங்கள் 1990 முதல் 1994 வரையிலான ஐந்தே ஆண்டுகளுக்குள் வந்துவிட்டன. அதன் பின் இடைவெளி நீண்டது: 1996, 1998, 2000, 2003. பாகங்கள் தாமதமாகத் தாமதமாக, அவற்றுக்குள் கடக்கும் கதைக்காலமோ குறுகிக்கொண்டே வந்தது. தொடக்கப் பாகங்களில் ஒரு நூலுக்குள் ஒரு கண்டத்தின் பாதியைக் கடந்த மாந்தர்கள், எட்டாம் பாகத்துக்குப் பிறகு ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குப் போகவே ஒரு நூலை எடுத்துக்கொண்டார்கள்.

பத்தாம் பாகத்தின் சிக்கல் ஒன்பதாம் பாகத்தின் வெற்றியிலிருந்து பிறக்கிறது. இந்த உலகை இயக்கும் ஆற்றலுக்கு இரு பாதிகள் உண்டு. பெண்கள் கையாள்வது சைதார், ஆண்கள் கையாள்வது சைதீன். இருளின் அதிபதி மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன் சைதீனில் படியவிட்ட மாசு, அதைத் தொடும் ஆண்களையெல்லாம் காலப்போக்கில் பித்தராக்கிவிடும். முதல் பாகத்தின் முதல் பக்கங்களிலிருந்து கதையின் அடியில் ஓடும் அச்சம் அதுதான். 2000 நவம்பரில் வந்த 'விண்டர்ஸ் ஹார்ட்' நூலின் இறுதியில், நாயகன் ராண்ட் அல்தோர், சைதாரைக் கையாளும் நைனீவ் என்னும் பெண்ணின் துணையோடு, ஷாடார் லோகோத் என்னும் பாழ்நகரின் அருகே அந்த மாசை முழுவதுமாக நீக்கிவிடுகிறான். அதுவரை யாரும் பயன்படுத்தியிராத அளவு ஆற்றல் அங்கே கொட்டப்படுகிறது. எதிரிகள் சூழ்ந்து தாக்குகிறார்கள். முடிவில் ஒரு நகரமே இருந்த இடம் தெரியாமல் பெரும்பள்ளமாகிறது. தொடரின் மிகச் சிறந்த உச்சக்காட்சிகளில் ஒன்று அது.

அப்படியொரு நிகழ்வுக்குப் பிறகு வாசகன் எதை எதிர்பார்ப்பான்? பித்துப்பிடிக்கும் விதியோடு வாழப் பழகிய ஆண்கள் இனி எப்படி வாழ்வார்கள், அவர்களை வேட்டையாடுவதையே கடமையாகக் கொண்டிருந்த பெண்கள் இனி என்ன செய்வார்கள், செய்தி எந்த வழியில் பரவும், யார் நம்புவார்கள், யார் நம்ப மறுப்பார்கள் என்று நூறு கேள்விகள். இவற்றில் எதற்கும் விடைதேடிப் புறப்படாமல், பத்தாம் பாகம் பின்னோக்கிச் செல்கிறது. ஒன்பதாம் பாகத்தின் முடிவை ஒட்டிய அதே நாட்களில் மற்ற மாந்தர்கள் எங்கே இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை ஒவ்வொருவராக எடுத்துச் சொல்லத் தொடங்குகிறது. மேட் ஓரிடத்தில், பெரின் ஓரிடத்தில், எலேன் ஓரிடத்தில், எக்வீன் ஓரிடத்தில். ஒவ்வொரு முகாமிலும் ஆற்றலை உணரக்கூடியவர்கள் திடுக்கிட்டு ஒரே திசையை நோக்குகிறார்கள், தொலைவில் ஏதோ பிரம்மாண்டமாக நடக்கிறது என்கிறார்கள், எதிரிகளின் வேலையாக இருக்குமோ என்று கலங்குகிறார்கள், விவாதிக்கிறார்கள். பிறகு அடுத்த முகாம், அதே திடுக்கிடல், அதே கலக்கம்.

அவர்கள் அறியாதது நமக்குத் தெரியும். என்ன நடந்தது, யார் செய்தார்கள், எப்படி முடிந்தது எல்லாவற்றையும் முந்தைய நூலிலேயே கண்ணாரப் பார்த்துவிட்டோம். மாந்தர்களைவிட வாசகனுக்கு அதிகம் தெரிந்திருப்பது தன்னளவில் குறையில்லை; ஆபத்து கதவுக்குப் பின்னால் நிற்பது நமக்குத் தெரிந்து கதவைத் திறப்பவனுக்குத் தெரியாதபோது மூச்சு அடைக்கும். அங்கே நமக்குத் தெரிந்தது அவனைக் கொல்லப்போகிறது. இங்கே நமக்குத் தெரிந்த செய்தியால் அவர்களுக்கு உடனடியாக எந்தக் கேடும் இல்லை, எந்த நன்மையும் இல்லை. ஆகவே அவர்களின் அறியாமை நமக்குள் பதற்றத்தை எழுப்புவதில்லை. எப்போது தெரிந்துகொள்வார்கள் என்று காத்திருக்கிறோம். நூல் முடியும்வரை பெரும்பாலோர் தெரிந்துகொள்வதே இல்லை.

பின்னோக்கிச் செல்வது ஜோர்டனுக்குக் கைவராத கலை என்றும் சொல்ல முடியாது. 1992இல் வந்த நான்காம் பாகமான 'தி ஷேடோ ரைசிங்' நூலில், ராண்ட் ருயிடியன் நகரின் கண்ணாடித் தூண்களுக்கு இடையே நடக்கும் பகுதியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் அவன் ஒரு தலைமுறை பின்னால் போகிறான். தன் முன்னோர் ஒவ்வொருவரின் கண் வழியாகவும் பார்க்கிறான். போருக்கென்றே பிறந்தவர்கள் என்று நாம் மூன்று பாகங்களாக நம்பிவந்த ஐயீல் மக்கள், ஒரு காலத்தில் எந்த உயிருக்கும் தீங்கு செய்வதில்லை என்று உறுதிபூண்ட ஊழியர்களாக இருந்தவர்கள் என்பதும், அந்த உறுதியை எப்படிச் சிறிது சிறிதாக இழந்தார்கள் என்பதும் தலைகீழ் வரிசையில் விரிகின்றன. அங்கே நாயகன் செய்வதெல்லாம் நடப்பது மட்டும்தான். வாள் உருவப்படவில்லை, துரத்தல் இல்லை. ஆனால் ஒவ்வொரு பின்னடியும் நாம் முன்பு படித்த ஏதோ ஒன்றின் பொருளை மாற்றுகிறது. அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டியதாகச் சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. பத்தாம் பாகத்தின் பின்னோக்கிய பயணம், நாம் அறிந்தவற்றில் ஒன்றைக்கூட மாற்றுவதில்லை.

பெரினின் பகுதியில் இந்தக் குறை மிகக் கூர்மையாகத் தெரிகிறது. அவன் மனைவி ஃபயீலை, ஐயீல் மக்களில் ஒரு பிரிவான ஷைடோ குலத்தவர் எட்டாம் பாகத்தின் முடிவில் சிறைபிடிக்கிறார்கள். அது 1998. ஒன்பதாம் பாகத்தில் அவளைத் தேடுகிறான். பத்தாம் பாகத்தில் தேடிக் கண்டுபிடித்த முகாமுக்கு வெளியே, மீட்பதற்குப் படை போதாமல் நிற்கிறான். அவன் வேதனை உண்மையானது. ஆனால் அந்த வேதனைக்கு முதல் அத்தியாயத்தில் இருந்த வடிவமே கடைசி அத்தியாயத்திலும் இருக்கிறது. ஃபயீல் ஒருத்தியே முக்கியம், உலகத்தில் வேறெதுவும் முக்கியமில்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது முதல்முறை படிக்கும்போது மனத்தைத் தொடுகிறது. திரும்பத் திரும்ப வரும்போது, மனைவியின் மேல் உள்ள அன்பைவிட ஆசிரியரின் குறிப்பேடுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

எலேனின் பகுதி வேறு வகைச் சோதனை. ஆண்டோர் நாட்டின் அரியணைக்கு அவள் உரிமை கோருகிறாள். தலைநகர் கேம்லின் முற்றுகையில் இருக்கிறது. அவளோ இரட்டைக் குழந்தைகளைச் சுமந்துகொண்டிருக்கிறாள். முற்றுகையிடப்பட்ட நகரம், கருவுற்ற இளவரசி, விசுவாசம் மாறக்கூடிய பிரபுக்கள் என்று நாடகத்துக்கு வேண்டிய சரக்கெல்லாம் கையில் இருக்க, நமக்குக் கிடைப்பவை நீராட்டக் காட்சிகளும், கருவுற்றவள் எதை உண்ணலாம் எதைக் குடிக்கலாம் என்ற சச்சரவுகளும், பெயர் நினைவில் நிற்காத பிரபுக் குடும்பங்களில் யார் யார் பக்கம் என்ற கணக்கும். அந்தக் குடும்பங்களைத் தனித்தனியே அடையாளம் காண, நூலின் பின்னிணைப்பில் உள்ள சொற்பட்டியலை அடிக்கடி புரட்டினேன். பெரும்பாலான பெயர்களுக்கு அதிலும் இடமில்லை. முற்றுகை தொடங்கிய நிலையிலேயே நூலின் முடிவிலும் தொடர்கிறது.

எக்வீனின் பகுதியில் குறையும் நிறையும் கலந்திருக்கின்றன. ஐஸ் செடாய் என்னும் மந்திரப் பெண்களின் அமைப்பு இரண்டாகப் பிளந்து, கலகம் செய்த பிரிவுக்கு அவள் தலைவி. எதிர்ப்பிரிவின் கோபுரம் இருக்கும் டார் வாலோன் நகரை அவள் படை சூழ்ந்திருக்கிறது. பனியில் உறையும் கூடாரங்கள், சபை உறுப்பினர்களின் உட்பகை, தீராத தலைவலி, அந்தத் தலைவலிக்கு மருந்தாக வரும் கைகளே அதற்குக் காரணம் என்பதை நாம் அறிவது என்று இங்கே மட்டும் ஓரளவு இறுக்கம் இருக்கிறது. ஆண் மந்திரவாதிகளோடு உடன்பாடு காணலாம் என்று சபை வாக்களிப்பது, இந்த நூலில் யாரோ ஒருவர் உருப்படியாக ஒரு முடிவெடுக்கும் அரிய தருணம். அதை அடையும் முன் எத்தனை கூட்டம், எத்தனை சால்வை, எத்தனை கோப்பைத் தேநீர்!

ராண்ட்? மாசை நீக்கிக் களைத்து ஒரு மாளிகையில் ஒதுங்கியிருக்கிறான். முப்பது அத்தியாயங்கள் கொண்ட நூலில், தொடரின் நாயகன் தலைகாட்டும் பக்கங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இங்கே பேச்சுவார்த்தைகளும் காத்திருப்பும் நிறைந்த கதை சலிப்பூட்டத்தான் செய்யும் என்று ஒருவர் வாதிடக்கூடும். நம்மிடமே அதற்கு மறுமொழி இருக்கிறது. மகாபாரதத்தின் ஐந்தாவது பருவமான உத்தியோக பருவத்தில் போர் இல்லை. போருக்கு முந்தைய ஏற்பாடுகள், தூதுகள், சபைகள், அறிவுரைகள் மட்டுமே. பக்க அளவில் அது சிறியதும் இல்லை. ஆனால் அங்கே ஒவ்வொரு பேச்சும் ஒரு கதவைச் சாத்துகிறது. படையா, படைக்கலம் ஏந்தாத கண்ணனா என்று அருச்சுனனும் துரியோதனனும் தெரிவு செய்த பின் அந்தத் தெரிவை யாரும் திரும்பப் பெற முடியாது. கண்ணன் தூது தோற்றபின் சமாதானம் என்பது வெறும் சொல். கர்ணனிடம் அவன் பிறப்பு சொல்லப்படுகிறது. குந்தி வந்து கேட்கிறாள். அருச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்வதில்லை என்று அவன் வாக்களிக்கிறான். முதல் அம்பு பாயும் முன்பே போரின் பாதி தீர்ந்துவிடுகிறது. கூத்திலும் சொற்பொழிவிலும் கண்ணன் தூது தனித்தே ஓர் இரவை நிரப்பும் வலிமை பெற்றிருப்பது இதனால்தான். ஜோர்டனின் பத்தாம் பாகத்தில் பேச்சு முடிந்து எழுந்தவர்கள், பேச்சுக்கு முன் எந்தக் கதவுகளுக்கு நடுவே நின்றார்களோ அதே கதவுகளுக்கு நடுவே நிற்கிறார்கள். எல்லாக் கதவுகளும் திறந்தே கிடக்கின்றன. நான் தேக்கம் என்று சொல்வது அதைத்தான்.

பெருந்தொடர் எழுதுபவர்களுக்கு இந்த இடர் பொதுவானது போலும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2005இல் தம் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரின் நான்காம் பாகத்தை வெளியிட்டபோது, கதை ஒரே நூலில் அடங்காததால் மாந்தர்களை இரு கூறாக்கி, ஒரு கூறை மட்டும் அதில் எழுதினார். மறு கூறு 2011இல் ஐந்தாம் பாகமாக வந்தது. பெருமளவு ஒரே காலத்தில் நடக்கும் கதைகள். அந்த நான்காம் பாகத்தின் மீதும் சோர்வு என்ற குற்றச்சாட்டு உண்டு. ஆயினும் அங்கே அரசி செர்சியின் வீழ்ச்சி நம் கண்முன் படிப்படியாக நடக்கிறது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் அவளே தனக்கு ஒரு குழியை ஆழப்படுத்திக்கொள்கிறாள். கூறுபோட்டதால் விருப்பமான மாந்தர்களை இழந்த ஏமாற்றம் இருந்தாலும், தொடங்கிய இடத்திலேயே நிற்கும் உணர்வு அங்கே எனக்கு வரவில்லை.

இத்தனைக்கும் பிறகும் இந்த நூலை முற்றாக ஒதுக்கிவிட என்னால் இயலாததற்குக் காரணம் பெரினின் பகுதியிலேயே இருக்கும் இரண்டு காட்சிகள். முதலாவது, படைக்குத் தானியம் வாங்க அவன் சோ ஹபோர் என்னும் ஊருக்குப் போவது. ஊர் முழுவதும் அழுக்கு. மனிதர்கள் குளிப்பதை மறந்தவர்கள் போலத் திரிகிறார்கள். தானியத்தில் வண்டு நெளிகிறது. இறந்தவர்கள் இரவில் நடமாடுகிறார்கள் என்பதை உள்ளூரார் வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சுகிறார்கள். உலகத்தின் இழைகள் அறுந்துகொண்டிருக்கின்றன என்று தொடர் பல பாகங்களாகச் சொல்லிவந்த செய்தி, பேரரக்கர்கள் யாரும் இல்லாமல், புழுத்த தானியத்தின் வழியே இங்கே உடலில் ஊறுகிறது. அந்த ஊரைவிட்டு வண்டிகள் கிளம்பும்போது வாசகனுக்கும் கை கழுவத் தோன்றும்.

இரண்டாவது, கோடரி. முதல் பாகத்தில், ஓநாய்களோடு பேசும் எலையாஸ் பெரினிடம் சொல்கிறார்: இந்தக் கோடரியை நீ வெறுக்கும்வரை அதை வைத்திருக்கலாம், வெறுப்பு நீங்கும் நாளில் அதைத் தூர எறிந்துவிட்டு ஓடு. அந்த அறிவுரை ஒன்பது பாகங்கள் காத்திருக்கிறது. பத்தாம் பாகத்தில், மனைவி இருக்கும் இடத்தின் நிலவரத்தைக் கைதிகளிடமிருந்து பிடுங்கியாக வேண்டிய கட்டாயத்தில், பெரின் ஒருவனின் கையை அதே கோடரியால் வெட்டுகிறான். தான் என்னவாக மாறிக்கொண்டிருக்கிறோம் என்பதை அந்த நொடியில் உணர்ந்து, கோடரியை ஒரு மரத்தில் அறைந்து அங்கேயே விட்டுவிட்டு நடக்கிறான். கொல்லனின் சுத்தியலா, போர்வீரனின் கோடரியா என்று முதல் பாகம் தொட்டு அவனுக்குள் நடந்த வழக்கில் இது ஒரு தீர்ப்பு. ஒரு கதவு சாத்தப்படுகிறது. இருபத்தேழாம் அத்தியாயத்தில் நடக்கும் இதற்கு முன்னால், அவனுடைய காட்டுப் பயணத்தில் பாதியை ஆசிரியர் நீக்கியிருந்தால் இந்த வெட்டு இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மேட்டும் டுவானும் வரும் பக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷான்சான் பேரரசின் வாரிசான பெண்ணைக் கடத்திக்கொண்டு, ஊர் ஊராகச் செல்லும் சர்க்கஸ் குழுவுக்குள் ஒளிந்திருக்கிறான் மேட். அவளைத்தான் மணக்கப் போகிறான் என்பது அவனுக்கு முன்பே சொல்லப்பட்ட குறி. அவளோ அவனைப் 'பொம்மை' என்று அழைக்கிறாள். இருவரும் ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கும் அந்தப் பேச்சுகளில் ஜோர்டனின் நகைச்சுவை முழு உயிரோடு இருக்கிறது. சர்க்கஸ் வண்டிகள் நகரும் வேகத்தில்தான் அதுவும் நகர்கிறது. ஆனாலும் அவள் அவனை எப்படிப் பார்க்கிறாள் என்பது ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு நூலளவேனும் மாறுவதால், அங்கே எனக்குச் சலிப்பு வரவில்லை.

நூலின் இறுதி அத்தியாயத்தில் எக்வீன், தனக்குக் கீழுள்ள ஒரு பெண் செய்ய வேண்டிய வேலையைத் தானே ஏற்று, டார் வாலோனின் துறைமுகச் சங்கிலியை உடைக்க முடியாத கல்லாக மாற்றச் செல்கிறாள். மாற்றிய கையோடு பிடிபடுகிறாள். கதை சட்டென்று விழித்துக்கொள்ளும் அந்த இடத்தில் அத்தியாயம் முடிகிறது. 2003இல் இதைப் படித்தவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கிறேன். ஒன்பதாம் பாகத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்கள் அவர்கள். அடுத்து 2004 ஜனவரியில் கிடைத்தது கதையை முன்னே கொண்டுசெல்லாத முன்கதை நூல். பதினோராம் பாகமான 'நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்' வந்ததோ 2005 அக்டோபரில். அவர்களின் கோபத்தில் காத்திருப்பின் பங்கு பெரிது. இன்று அடுத்த பாகத்தை அன்றே எடுத்துவிடலாம். கோபம் குறையும், ஆனால் எழுநூறு பக்கங்களை நெருங்கும் நூலின் கட்டமைப்புக் குறை அதனால் நேராகிவிடாது.

அந்தப் பதினோராம் பாகமே பத்தாம் பாகத்துக்கு எதிரான வலுவான சாட்சியும்கூட. ஃபயீல் மீட்கப்படுகிறாள், எலேன் அரியணையை வெல்கிறாள், மேட்டுக்கும் டுவானுக்கும் மணம் முடிகிறது, சிறைபட்ட எக்வீன் எதிரிகளின் கோபுரத்துக்குள்ளிருந்தே அதை அசைக்கத் தொடங்குகிறாள். நான்கு இழைகளும் ஒரே நூலுக்குள் நகர்ந்தன. அதே கை, அதே நடை, அதே பூவேலைப்பாடுகள். ஜோர்டன் முடித்துக் கொடுத்த கடைசிப் பாகம் அது. 2007 செப்டம்பரில் அவர் காலமானார், மீதியைப் பிராண்டன் சாண்டர்சன் மூன்று பாகங்களாக எழுதி 2013இல் நிறைவு செய்தார். முதன்முறை படிப்பவர்கள் பத்தாம் பாகத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டியதில்லை. மேட்டின் அத்தியாயங்கள், சோ ஹபோர், கோடரி, எக்வீனின் சபை வாக்கெடுப்பு, கடைசி அத்தியாயம் ஆகியவற்றை நிதானமாகப் படித்து, கேம்லின் அரண்மனைப் பக்கங்களைக் மேலோட்டமாகக் கடந்தால் போதும். எலேனுக்கு எதிராக யார் நின்றார்கள் என்பதைப் பதினோராம் பாகமே மீண்டும் ஒருமுறை சொல்லிவிடும்.